ஆடி மாதத்துச் சூடு

எங்கள் குடும்பத்தில் ஸ்ரீதரன் மாமாவோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. எந்த டாக்டரிடம் போவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது, எதை எடுத்தாலும் முடிவில் மாமா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அவர் கண்டியில் ஒரு வங்கியில் பெரிய உத்தியோகம் பார்க்கிறார். வாயைத் திறந்தால் எண்கள்தான் வரும். எண்களைக் கண்டதும் எங்கள் ஆட்கள் வாயடைத்துப் போவார்கள். நான் அப்படிப் போகிற ஆள் இல்லை.

மாமா என் கணவர் சுரேஸுக்குத் தாய்மாமன், என் மாமியார் பாப்பம்மா அத்தைக்கு ஒரே தம்பி. அத்தை ஹேவாஹெட்டப் பக்கம் வெள்ளக்கல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அதே தோட்டத்துத் தேயிலைத்தூள் பெக்டரியில் நான் உதவி டீமேக்கர். ஒரு பொம்பளப் பிள்ளை வந்து தேயிலையைக் கெடுத்துவிடப்போகிறது என்று நான் சேர்ந்த புதிதில் கவலைப்பட்டவர்கள் பலர். இப்போது அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நல்ல தூள் வேண்டுமென்றால் இந்த மதுஷாவைத்தான் தேடி வருகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் பிறந்தால் மாமா பேஸ்புக்கில் ஒரு பதிவு போடுவார். ‘அன்றும் இன்றும்’ என்று தலைப்பு. போன மாதம் கண்டிப் பக்கம் எவ்வளவு சூடு, அதே மாதம் பழைய காலத்தில் எவ்வளவு சூடு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். ‘பூமி சூடாகிறது என்று பயம் காட்டுகிறவர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?’ என்று முடிப்பார். குளிரான மாதம் என்றால் பதிவு நீண்டுகொண்டே போகும். சூடான மாதம் என்றால் மாமாவுக்கு வங்கியில் வேலை கூடிவிடும், பதிவு வராது. அதை நான் கவனித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் கல்யாணமாகி வந்த வீட்டில் எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்தேன்.

அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் சுரேஸ் ஒவ்வொரு பதிவையும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புரிந்ததோ இல்லையோ, முடிந்ததும் “எவ்வளவு அறிவா எழுதியிருக்கான் பாரு” என்பார். அப்பா இல்லாத வீட்டில் கூடையைத் தூக்கித் தம்பியை நாவலப்பிட்டியில் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தவர் அவர். தம்பி வாயிலிருந்து வருவது அவருக்கு வேதவாக்கு. தம்பி சொன்னால் சர்க்கரை கசக்கிறது என்றுகூட நம்புவார்.

இந்த மார்ச் மாதம் மலையில் நிற்க முடியவில்லை. மேலே வெயில், கீழே பாறையிலிருந்து எழும்புகிற அனல். தலையில் போட்ட துண்டை நனைத்துக் கட்டினால், தங்கள் செடி வரிசையான நிறைக்குப் போய் இரண்டு கை கொழுந்து பறிப்பதற்குள் காய்ந்துவிடும் என்று பெண்கள் சொன்னார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். அடுத்த கிழமை இன்னொருத்தி. மூன்றாவதாக விழுந்தது அத்தை.

எனக்குச் செய்தி வந்து ஓடிப்போனபோது அத்தையைத் தேயிலைச் செடிக்கு நடுவே படுக்க வைத்து, இரண்டு பேர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் கீறல். கண் திறந்ததும் அத்தை முதலில் சொன்னது இதுதான்.

“தம்பிக்கிட்ட மூச்சு விடாதீங்க.”

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்தால் மாமா காரோடு வந்து நிற்பார், வேலையை விடு, கண்டிக்கு வந்து என்னோடு இரு என்பார். அத்தைக்கு அது ஆகாது. யார் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் அவர் இல்லை. அதனால் நானும் சுரேஸும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தோம். டிஸ்பென்சரியில் கொடுத்த சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை அத்தை வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய்விட்டார். மத்தியானத்திலாவது கொஞ்சம் நிழலில் ஒதுங்குங்கள் என்று நான் கத்தியதெல்லாம் வீண்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. காலையில் ஒரு மணித்தியாலம் முந்தி மலைக்குப் போகிறோம், உச்சி வெயிலில் இரண்டு மணித்தியாலம் ஓய்வு கொடுங்கள், வெயில் தாழ்ந்ததும் மீதி வேலையை முடிக்கிறோம் என்று மனேஜரிடம் கேட்டார்கள். வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றத்தான் சொன்னார்கள். மனேஜர் நாலு நாள் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பெரட்டுக்களத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது.

போய்ப் பார்த்தேன். ஸ்ரீதரன் மாமாவின் பதிவு! பெரிய எழுத்தில், சட்டம் போடாத குறைதான்.

மாமா இந்தத் தடவை எங்கள் தோட்டத்தையே எடுத்திருந்தார். எழுபது வருடத்துக்கு முந்திய வெப்பப் பதிவுகள் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு மனேஜரிடம் கேட்டிருக்கிறார். மனேஜரும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மாமா பரனைட்டைச் செல்சியஸாக்கி, மாதவாரியாகச் சராசரி போட்டு, கந்தோர் வாசலில் போன வருடத்திலிருந்து பொருத்தியிருக்கிற கருவி காட்டும் அளவோடு ஒப்பிட்டிருந்தார். அன்று மார்ச் இருபத்தைந்து டிகிரி, இன்று இருபத்துநாலு. அன்று ஜூலை இருபத்தேழு, இன்று இருபத்தொன்று. ‘ஆடி மாதமே சுட்டெரித்த மலை இது. அன்று யாரும் முணுமுணுக்கவில்லை. இன்று பங்குனி வெயிலுக்கே அழுகிறோம்’ என்று கடைசி வரி.

அதற்குக் கீழே மனேஜர் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்: வெப்பம் கூடவில்லை, ஆகவே நேர மாற்றம் தேவையில்லை. சந்தேகம் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை திரு. ஸ்ரீதரன் நேரில் விளக்குவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா விழுந்த மலைக்குத் தம்பியே சான்றிதழ் கொடுத்திருக்கிறார், அதுவும் தெரியாமல். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். “ஒங்க வீட்டு ஆளுதானே?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தத் தாளை மறுபடி மேலிருந்து கீழே வாசித்தேன். ஜூலையில் கண் நின்றது. அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை பேருக்கும் நடுவில் விழுந்து விழுந்து சிரித்தேன். புள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

ஆடி மாதத்தில் எங்கள் மலையை நீங்கள் பார்த்ததில்லை. விடிந்தால் மழை, பொழுதுபட்டால் மழை, நடுவில் மூடுபனி. துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. அலுமாரிக்குள் வைத்த சேலைகூடப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதம் மார்ச்சைவிடச் சூடாக இருக்கிற இடம் இந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் பெக்டரியின் மேல்மாடி.

மலையிலிருந்து வருகிற கொழுந்தை நேரே அரைக்க முடியாது. மேல்மாடியில் பரப்பி, காற்று விட்டு, வாட்டி எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் சும்மா காற்றே போதும். மழைக்காலத்தில் கொழுந்து சொட்டச் சொட்ட வரும். அப்போது கீழே அடுப்பிலிருந்து சூட்டுக்காற்றை மாடிக்கு ஏற்றுவோம். வெளியே எவ்வளவு மழையோ, உள்ளே அவ்வளவு சூடு. சூடு அளவுக்கு மிஞ்சினால் தேயிலை கருகிவிடும். அதனால் மாடியில் எப்போதும் ஒரு தெர்மோமீட்டர் தொங்கும், அதைப் பார்த்து எழுதி வைப்பது டீமேக்கரின் வேலை. மாமா கையில் கிடைத்தது வானத்தின் சூடு இல்லை, எங்கள் அடுப்பின் சூடு.

அன்றே அவருக்குப் போன் எடுத்தேன்.

“மாமா, சனிக்கிழமை கூட்டத்துக்கு வர்றீங்களாமே. ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வாங்க. ஒங்களுக்குப் பெக்டரியக் காட்டுறேன்.”

“என்னா திடீர்னு?”

“தோட்டத்துல பொறந்துட்டு பெக்டரிக்குள்ள காலு வைக்காத ஆளு நீங்க ஒருத்தருதான். வாங்களேன்.”

அது உண்மைதான். சின்ன வயதிலேயே விடுதிக்குப் போய்விட்டார். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளைப் பெக்டரி வாசலில் அண்டவிடாத காலம் வேறு. சனிக்கிழமை வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, முகத்தில் வெற்றிக் களையோடு வந்து இறங்கினார்.

மேல்மாடிக்குக் கூட்டிப்போனேன். முந்திய நாள் பின்னேரம் எதிர்பாராமல் ஒரு பாட்டம் மழை கொட்டிக் கொழுந்து நனைந்திருந்தது. அதனால் சூட்டுக்காற்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் மாமாவின் கண்ணாடி மங்கியது. லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“அப்பாடி, என்னா புழுக்கம்! இது எதுக்கும்மா?”

“கொழுந்து வாட்டுறதுக்கு. இந்தா தொங்குது பாருங்க தெர்மோமீட்டர். பழைய காலத்துலயும் இதே எடத்துலதான் தொங்குச்சாம். மாமா, ஒன்னு கேக்கணும். ஒங்ககிட்ட இருக்கிற பழைய பதிவுல ஞாயித்துக்கிழமைக்கு என்னா சூடு?”

“ஞாயிறு எழுதல. கிளாக்கருக்கு லீவு. அந்த நாள விட்டுட்டுத்தான் சராசரி போட்டேன். அது ஒன்னும் பெரிய வித்தியாசம் வராது.”

“வானத்துக்கு ஏது மாமா லீவு? பெக்டரிக்குத்தான் லீவு.”

அவர் தெர்மோமீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இலேசில் விழுகிற ஆளா அவர்?

“இருக்கட்டும். வெளிய தொங்குன தெர்மோமீட்டரையும் ஞாயித்துக்கிழமை யாரும் பாக்காம விட்டிருக்கலாம்ல?”

“இருக்கலாம். அப்ப ஆடி மாசம் எப்புடி பங்குனியவிடச் சூடாச்சு?”

“அந்தக் காலத்துல காலநிலை அப்புடி…”

“ஆடியில நீங்க இங்க இருந்ததே இல்லையா மாமா? சின்னப் பிள்ளையில குளிருல பல்லு கிட்டிப்போய் அடுப்படியிலதான் கெடப்பீங்கன்னு அத்தை சொல்லுவாங்களே.”

நான் விடவில்லை. போன வருடம் ஜூலை மாதம் இதே மாடியில் நானே எழுதிய அளவுகளை எடுத்து நீட்டினேன். சராசரியை நான் போட்டுச் சொல்லவில்லை, அவரே போடட்டும் என்று விட்டேன். போனை எடுத்துத் தட்டினார். இருபத்தேழு வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி இருபத்தேழு.

“எழுபது வருசமா மாடி மாறல மாமா. மாறவும் கூடாது, மாறினா தேயிலை கெட்டுப்போகும். நீங்க மாடிய எடுத்து வாசலோட ஒப்பிட்டுட்டீங்க.”

கோப்பை மூடி அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். முகத்திலிருந்த களை போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் மேளதாளம். அதே நேரத்தில் நாக்கு நுனியில் இன்னொன்றும் நின்றது. அத்தை விழுந்த கதையைச் சொன்னால் மனுஷன் அந்த இடத்திலேயே உடைந்துபோவார். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். அதோடு, அவரை அழவைத்து ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. நியாயம் என் பக்கம் முழுசாக இருக்கும்போது அது எதற்கு?

பெரட்டுக்களத்தில் நூறு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை நடுவில் இருந்தார். தம்பி பேசப் போகிறான் என்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தார். மனேஜர் மாமாவுக்குக் கதிரை போட்டு, பெரிய படிப்பாளி என்று அறிமுகம் செய்தார். மாமா எழுந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார், அதை மறைக்கக் கூடாது.

“நான் எழுதினது தப்பு. அது பெக்டரி மாடியோட சூடு. வெளிச் சூடு இல்ல. இப்பத்தான் பார்த்துட்டு வாறேன். அந்தத் தாளக் கழட்டிருங்க.”

பெண்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. மனேஜர் கொஞ்சமும் அசரவில்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய ஆள்.

“சரி, அப்ப பழைய கணக்கே இல்ல. சூடு கூடலன்னும் சொல்ல முடியாது, கூடுச்சின்னும் சொல்ல முடியாது. மேல கேட்டா நான் என்னா காட்டுறது? முப்பது வருசத்துக் கணக்கு ஒன்னு கொண்டாங்க, பேசலாம்.”

கதிரையில் உட்கார்ந்துவிட்ட மாமா தலையை ஆட்டினார். “அது நியாயமான கேள்விதான்.”

எண்களைக் கண்டால் அவர் புத்தி அந்தப் பக்கமே சாய்கிறது! எனக்குத் தலைக்கேறிவிட்டது. எழுந்துவிட்டேன்.

“சேர், உலகம் சூடாகுதா இல்லையான்னு அளக்கிறதுக்கு எத்தனையோ பேரு இருக்காங்க, அவங்க அளந்து சொல்லியும் இருக்காங்க. நாங்க கேட்டது அது இல்ல. மாசச் சராசரின்னா ராத்திரிக் குளிரையும் விடியக்காலத்துப் பனியையும் சேத்து வகுக்கிறது. ராத்திரியில யாரும் கொழுந்து பறிக்கல. இவங்க பறிக்கிறது உச்சி வெயில்ல. அந்த நேரத்துல இந்த ஒரு மாசத்துல மட்டும் மூனு பேரு மயங்கி விழுந்தாங்க. அதுக்கு எழுபது வருசத்துக்கு முந்திப் போகணுமா?”

“யாரு அந்த மூனு பேரு? கந்தோர்ல ரெண்டு பேருதான் பதிவு.”

முதல் இரண்டு பெண்களும் கையைத் தூக்கினார்கள். மூன்றாவது பெயரை நான் சொல்ல முடியாது. மனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறாய் என்று அவர் வாயைத் திறக்கப் போன நேரம், நடுவிலிருந்து அத்தை எழுந்தார்.

“மூனாவது ஆளு நான்தான் தொரை.”

மாமா கதிரையிலிருந்து எழுந்ததை யாரும் பார்க்கவில்லை, விழுந்த சத்தத்தைத்தான் கேட்டோம். கதிரை விழுந்த சத்தம். அதை நிமிர்த்தக்கூட இல்லை. அக்காவின் நெற்றியில் ஆறிக்கொண்டிருந்த கீறலை அப்போதுதான் கண்டார். பிறகு மனேஜர் பக்கம் திரும்பினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“சேர், முப்பது வருசக் கணக்கு கேட்டா நியாயமான கேள்வின்னு நான் சொன்னேன். அது பேஸ்புக்குக்கு. மலைக்கு இல்ல. சித்திரை முடியிற வரைக்கும் இவங்க கேட்ட மாதிரி நேரத்த மாத்திப் பாருங்க. கொழுந்து கொறையுதான்னு தினம் நிறுத்துப் பாருங்க. கொறஞ்சா, நான் இதே எடத்துல வந்து நின்னு தப்புன்னு சொல்றேன். இன்னைக்கு ஒருக்கா சொல்லிப் பழகிட்டேன்.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மனேஜருக்கும் சிரிப்பு வந்தது. தேயிலை குறையாது என்பது அவருக்கும் தெரியும், மேலே காட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்ததும் தெரியும். சித்திரை முடியும் வரை என்று ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை முதல் காலை முந்திப் போவது, உச்சியில் ஓய்வு. சிவப்புப் பேனா எழுத்தோடு அந்தத் தாளை அவரே கிழித்தார். நான் ஜெயித்துவிட்டேன். நூறு பேருக்கு முன்னால், மாமாவும் மனேஜரும் இருக்கும்போதே ஜெயித்துவிட்டேன். எனக்கு ஆகாயத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்தபோது மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒதுக்குப்புறமாக நின்றார். நான் தேநீர் கொண்டு போனேன்.

“ஏங்க்கா என்கிட்ட சொல்லல? வேலைய விடச் சொல்லிருவேன்னு பயந்தியா?”

“அதுக்கு ஏன்டா பயப்படுறேன்? நீ சொன்னா நான் கேட்டுட்டா போறேன்?”

“அப்பறம்?”

அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். சொல்லவா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரித் தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

“சூடு கூடலன்னு நீ மாசா மாசம் எழுதுற. சுரேஸ் வாசிச்சுக் காட்டுறான். நீ எழுதினா சரியாத்தானே இருக்கும்? அப்ப எனக்குத்தான் ஒடம்புல என்னமோ கொறைன்னு நெனச்சேன். மத்தவங்க நிக்கிற வெயில்ல எனக்கு மட்டும் ஏன் கண்ணு இருட்டுதுன்னு வெக்கமா இருந்துச்சு. அதான் நிழலுக்கும் போகல, ஒன்கிட்டயும் சொல்லல.”

நான் நினைத்த காரணம் அது இல்லவே இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மாமா அந்த இடத்திலேயே குந்தினார். வெள்ளைச் சட்டை, கோப்பு எல்லாம் மண்ணில் பட, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். வங்கியில் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அத்தை கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“எந்திரி. ஆம்பளப் புள்ள களத்துல குந்திக்கிட்டு அழுதா என்னா ஆகப்போவுது? எழுதுறத விட்டுறாத. இனிமே எழுதுறதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்த கேளு.”

“கேக்குறேன்க்கா” என்றார் மாமா.